செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் முப்பத்தொரு பேர்

என் வயதுக்காரர்களே, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நீங்கள் என்ன வேஷம் கட்டினீர்கள்? ராணி, குறத்தி, வேடன், பாரத மாதா. ஒன்றும் கிடைக்காதவர்கள் கையில் வேப்பங்கொத்தைப் பிடித்துக்கொண்டு மரமாகவாவது நின்றிருப்பீர்கள். நான் கல்லாக நின்றேன். ஆகாயத்தில் சூரியனைச் சுற்றுகிற கல். என் பேத்தியிடம் சொன்னால் கல்லுக்கெல்லாமா வேஷம் கட்டுவார்கள் என்று சிரிக்கிறாள். கட்டினோம். முப்பத்தொரு பேர் கட்டினோம். உங்களில் சிலர் என்னோடு சேர்ந்து சுற்றியவர்கள்தான். ஞாபகப் பிசகு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நாம் எட்டாம் வகுப்பு. நிலாவில் மனிதன் கால் வைத்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. திருவண்ணாமலை அப்போது மாவட்டத் தலைநகரம் ஆகவில்லை. பெரிய அதிகாரி என்றால் வேலூரிலிருந்து ஜீப்பில் வரவேண்டும். அந்த வருஷம் பொங்கல் கழித்து நடக்கும் ஆண்டு விழாவுக்குக் கல்வி அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் நம் பெண்கள் பள்ளிக்கூடத்துச் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு ஏறியது. சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை. வழக்கமான கோலாட்டத்தோடு புதிதாக ஏதாவது இருக்கட்டும் என்று தலைமையாசிரியை சொல்ல, சயின்ஸ் டீச்சர் எழுந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மைதானத்தில் சூரியக் குடும்பத்தை ஓட்டிக் காட்டுகிறேன் என்றாராம். அவர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதில் எப்போதும் கனமான ஒரு வானவியல் புத்தகம்.

என் அக்காவும் அதே வகுப்புதான். என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆறாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து ஒரு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டதால் நான் அவளை எட்டிப் பிடித்துவிட்டேன். அவள் அம்மாவின் நிறம், நல்ல சிவப்பு. நான் அப்பாவின் நிறம். அப்பாவுக்குச் செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை. வெயிலில் நின்று காற்றடித்து, பஞ்சர் ஒட்டி, அவருக்கும் டயருக்கும் நிறத்தில் அதிக வித்தியாசம் இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால், இது உன் கூடப் பிறந்ததா என்று அக்காவிடம் கேட்காதவர்கள் கம்மி.

ஆள் பொறுக்கும் வேலை டிரில் டீச்சருடையது. எங்கள் நாற்பத்தொரு பேரையும் தாழ்வாரத்தில் வரிசையாக நிறுத்தினார். விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஒருமுறை நடந்தார். பிறகு, நீ வா, நீ வா என்று பத்துப் பேரைத் தொட்டு இழுத்தார். உயரமாக இருந்தவர்களைத் தொட்டார் என்று முதலில் நினைத்தேன். நானும் உயரம்தான், ஏன் என்னைத் தாண்டிப் போனார் என்று மட்டும் புரியவில்லை. எனக்குப் பக்கத்தில் பூக்காரம்மாவின் மகள் நின்றிருந்தாள். காலையில் நாலு மணிக்கு எழுந்து அம்மாவோடு கதம்பம் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறவள், கண்ணில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள்.

"நல்லாப் பாரு. அந்தாண்ட போன பத்தும் சிவப்பு. இந்தாண்ட நிக்கிறது பூரா நம்ம கலரு" என்றாள்.

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. முதல் ரேங்க் வாங்குகிறவள் சூரியன். தாசில்தார் மகள் சனி. என் அக்கா செவ்வாய். மீதி முப்பத்தொரு பேரைப் பின்னால் உட்கார வைத்துக் கைதட்டச் சொல்லிவிடலாம் என்றார் டிரில் டீச்சர்.

சயின்ஸ் டீச்சர் எல்லாரையும் வகுப்புக்குக் கூட்டிப் போய்க் கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டார். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். நாலு வட்டமும் நெருக்கமாக இருந்தன. அப்புறம் சாக்பீஸைத் தள்ளிக் கொண்டுபோய் வெகு தூரத்தில் வியாழன். நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். இங்கே ஒரு கிரகம் இருந்தே ஆகவேண்டும் என்று ஒரு காலத்தில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பலபேர் தேடினார்களாம். தேடிக் கிடைத்தவை கல்லும் பாறையுமாக ஆயிரக்கணக்கில். சிறுகோள்கள் என்று பெயர். சாக்பீஸைப் படுக்க வைத்து அந்த வெற்றிடம் முழுக்கப் புள்ளியாகத் தட்டினார். தட்டிக்கொண்டே எங்கள் முப்பத்தொரு பேரைத் திரும்பிப் பார்த்தார்.

பூக்காரம்மா மகள் எழுந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்று கேட்டாள். சிலது கூழாங்கல் அளவு, சிலது நம் மலை அளவு, சிலது இந்த ஜில்லாவைவிடப் பெரியது என்றார் டீச்சர். அவள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நம்ம ஊர்ல ஜனங்க மலையச் சுத்துறாங்க. அங்க மலையே சுத்திகினு இருக்குதா டீச்சர்?"

டீச்சர் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாக்பீஸ் தூள் பட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மீசை வரைந்தது போல ஆகிவிட்டது.

அந்தக் கல்லெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது, ஒரு கிரகம் வெடித்துச் சிதறியிருக்கலாம் என்றார். அவருடைய புத்தகத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். இப்போது வேறு விதமாகச் சொல்கிறார்கள். அங்கே முழுக் கிரகம் என்று ஒன்று உருவானதே இல்லையாம். பக்கத்தில் இருந்த வியாழனின் இழுவை அந்தக் கற்களை ஒன்றுசேர விடவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டினாலும் நம் நிலாவுக்குப் பக்கத்தில்கூட வராதாம். ஆனால் அன்றைக்கு உடைந்துபோன கிரகம் என்று கேட்டபோது அக்கா முழுசு, நான் உடைசல் என்றுதான் மனதில் ஏறியது.

வீட்டில் அது இன்னும் ஏறியது. கிரகங்களுக்கு வெள்ளைச் சட்டை, தோளில் அந்தந்த நிறத்தில் சாட்டின் துணி, தலையில் ஜிகினாக் காகிதக் கிரீடம். அம்மா தேரடி வீதியில் சிவப்புச் சாட்டின் வாங்கி, ஓரத்துக்குப் பழைய புடவையிலிருந்து ஜரிகை பிரித்துத் தைத்தாள். கைக்குப் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீர் போல இருக்கும். அந்தத் துணியின் குளிர்ச்சி இன்னும் விரலில் இருக்கிறது. துணி எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கு என்ன என்று கேட்டேன். கல்லுக்கு என்னடி துணி, பழைய ஊதாப் பாவாடை இருக்கிறது, அதைக் கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்த்தாள் அம்மா. அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சு. நான் கொல்லைப் பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன்.

ஒத்திகை தொடங்கிய மூன்றாம் நாள் அந்த அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் வட்டங்கள் போட்டிருந்தார்கள். நடுவில் ஸ்டூல் மேல் சூரியன், கையை விரித்தபடி. பாவம், அவளுக்கு நகரவே வழியில்லை. புதன் ஓடி ஓடி இளைத்தாள். பூமி ஒரு குச்சியில் வெள்ளையடித்த கொட்டாங்கச்சியைக் கட்டி நிலா என்று சுழற்றிக்கொண்டு போனாள். சனிக்கு வளையம் வேண்டும் என்று அப்பா கடையிலிருந்து பழைய சைக்கிள் ரிம் ஒன்று கொடுத்தார். அது இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அப்போது கிரகங்கள் ஒன்பது. கடைசிக் கிரகமான புளூட்டோ கழிப்பறைச் சுவர் ஓரம் நின்றாள். ஒத்திகை முடிவதற்குள் அவள் பத்தடிதான் நகரவேண்டும் என்பதால் யாருக்கும் தெரியாமல் புளியங்காய் தின்று தீர்த்தாள். கிரகங்கள் நேராகப் பார்க்கவேண்டும், பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, நாதஸ்வர இசைத்தட்டு ஓடினால் நடக்கவேண்டும், நின்றால் நிற்கவேண்டும்.

கல்லுகளுக்கு ஒரு சட்டமும் இல்லை. முதல் நாள் டிரில் டீச்சர் எங்களையும் தாளத்துக்கு நடக்க வைக்கப் பார்த்தார். முப்பத்தொரு பேர் முப்பத்தொரு விதமாகக் கால் வைத்தோம். விசில் ஊதி ஊதிச் சலித்து, எக்கேடாவது கெடுங்கள், கோட்டைத் தாண்டாமல் சுற்றினால் போதும் என்று விட்டுவிட்டார். அதற்கப்புறம் நாங்கள் வைத்ததுதான் சட்டம். சிறுகோள்கள் சுற்றும்போது தாங்களும் உருளும் என்று டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, தட்டாமாலை சுற்றிக்கொண்டே நகர்ந்தோம். தலை கிறுகிறுத்து ஒருத்தி மேல் ஒருத்தி விழுவோம். விழுந்தவளை இழுத்துக்கொண்டு ஓடுவோம். யார் மலை, யார் கூழாங்கல் என்று தினமும் சண்டை. ஒல்லியாக இருந்த ஒருத்தி, தான்தான் ஜில்லாவைவிடப் பெரிய கல் என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

சலங்கை யோசனை என்னுடையது. அதை மட்டும் யாருக்கும் விட்டுத்தரமாட்டேன். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, தீபத் திருவிழாவை ஒட்டி நடக்கும் மாட்டுச் சந்தையில் கயிறு, மூக்கணாங்கயிறு, சலங்கை விற்பவர். விற்காமல் மீந்த சலங்கைப் பட்டைகளை ஒரு சாக்கில் போட்டு எங்கள் வீட்டுப் பரண்மேல் வைத்திருந்தார். தோல் வாசனையும் பித்தளை வாசனையும் கலந்து அடிக்கும். அவரிடம் கேட்டேன். எருதுக்குக் கட்டுவதைப் பிள்ளைகள் கட்டினால் என்ன, விழா முடிந்ததும் எண்ணி வைத்துவிடு என்றார். அடுத்த நாள் மைதானத்தில் முப்பத்தொரு பேரும் காலில் மாட்டுச் சலங்கையோடு இறங்கினோம். ஊர் எல்லைக்கு ஜோடி மாடு வந்த மாதிரி ஒரு சத்தம்.

சயின்ஸ் டீச்சர் ஓடி வந்தார். ஆகாயத்தில் காற்று கிடையாது, சத்தம் கேட்காது, அதிகாரி தப்பு என்பார், கழற்றுங்கள் என்றார். எல்லாரும் குனிந்தோம். பூக்காரம்மா மகள் மட்டும் குனியவில்லை.

"அப்ப ரெக்கார்டு மட்டும் எப்படி டீச்சர் கேக்கும்?"

டீச்சர் இசைத்தட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். போய்த் தொலையட்டும், கட்டிக்கொள்ளுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இதற்கெல்லாம் நடுவில் என் அக்கா செவ்வாயாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய வட்டத்தை ஒட்டித்தான் எங்கள் வட்டம். அவளுக்கு ஒரு பக்கம் பேசாத பூமி, மறு பக்கம் கும்மாளம் போடும் நாங்கள். நேராகப் பார்க்கவேண்டியவள் ஓரக் கண்ணால் எங்களைப் பார்ப்பாள். நாங்கள் விழுந்து சிரிக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போவாள். சாயங்காலம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, இன்றைக்கு எதற்கு அப்படிச் சிரித்தீர்கள் என்று கேட்பாள். நான் சொல்லமாட்டேன். கிரகத்துக்கு எதற்கு அதெல்லாம் என்பேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. சாட்டின் துணிக்கும் சேர்த்து வாங்கிக்கொள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன். அவள் கேட்டு எந்தத் துணியையும் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கும் நாங்கள் தனித்தனியாகப் போக ஆரம்பித்தோம்.

விழா நாள் வந்தது. பிற்பகல் நாலு மணி. வெயில் சாய்ந்து, மலை நிழல் ஊர்மேல் இறங்கத் தொடங்கும் நேரம். சாமியானாவுக்குக் கீழே கல்வி அதிகாரி, தலைமையாசிரியை, கையில் எலுமிச்சம்பழத்தோடு ஊர்ப் பெரியவர்கள். அவர்களுக்குப் பின்னால் பெற்றோர். கோலாட்டம் முடிந்தது. சயின்ஸ் டீச்சர் மைக்கில் சூரியக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லி முடிக்க, இசைத்தட்டு சுழன்றது. எல்லாரும் கிளம்பினோம். முதல் சுற்று அருமையாகப் போனது. சனிகூட ரிம்மைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நடந்தாள்.

இரண்டாம் சுற்றில் நாதஸ்வரம் இழுத்துக்கொண்டே போய், மாடு கத்துவது போல ஒரு முறை முனகி, நின்றது. கரண்ட் போய்விட்டது.

இசை நின்றால் நிற்கவேண்டும் என்றுதானே பழக்கியிருந்தார்கள்? ஒன்பது கிரகமும் அப்படியே நின்றன. அவர்களைப் பார்த்து நாங்களும் நின்றுவிட்டோம். தூக்கிய காலைக் கீழே வைக்கலாமா என்று தெரியாமல் புதன் தள்ளாடினாள். டிரில் டீச்சர் ஓரத்திலிருந்து நட, நட என்று கையைக் காட்டினார். நேராகப் பார்க்கச் சொல்லியிருந்ததால் ஒருத்தியும் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. சயின்ஸ் டீச்சர் செத்துப்போன மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பூக்காரம்மா மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் காலைத் தரையில் ஓங்கி வைத்தோம். சலங் என்றது. பின்னால் வந்தவள் வைத்தாள், அவளுக்குப் பின்னால் வந்தவள் வைத்தாள். ஒத்திகையில் ஒருநாளும் ஒன்றாக விழாத அறுபத்திரண்டு கால் அன்றைக்கு எப்படியோ ஒன்றாக விழுந்தது. சலங், சலங், சலங். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் வெள்ளி நகர்ந்தாள், அப்புறம் பூமி, வியாழன், சனி. கூட்டம் சிரிப்பை விட்டுவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தது.

செவ்வாய் மட்டும் நகரவில்லை. நான் அரைச் சுற்று வந்து அக்காவுக்கு நேராக வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். நேராகப் பார்த்தபடியே, சத்தமில்லாமல். நான் எட்டிப் பார்த்ததும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி எங்கள் வட்டத்துக்குள் வந்துவிட்டாள்.

"எனக்கும் ஒண்ணு கட்டிவிடுடி" என்றாள்.

அத்தனை பேர் பார்க்க, நான் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து என் இடது காலில் இருந்த பட்டையை அவிழ்த்து அவள் காலில் கட்டினேன். தோல் வார் இறுகிக் கிடந்தது, விரல் வழுக்கியது. எங்களைச் சுற்றிக்கொண்டு கல்லுகள் ஓடின. சாமியானாவிலிருந்து அதிகாரியின் குரல் கேட்டது. மைக் இல்லாததால் சலங்கைச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசினார்கள்.

"அந்தக் கூட்டத்துல சிவப்பா ஒண்ணு வந்துடுச்சே, அது இன்னாம்மா?"

சயின்ஸ் டீச்சர் ஒரு நொடிதான் யோசித்திருப்பார்.

"அந்தக் கூட்டத்துலயே பெரிய சிறுகோள் சார் அது. மொதமொதல்ல கண்டுபிடிச்சப்ப கிரகம்னுதான் எழுதினாங்க. ரொம்ப வருஷம் கழிச்சுதான் கூட்டத்துல சேத்தாங்க."

அது உண்மை என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் பொய் சொல்லிச் சமாளிக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதிகாரி விடவில்லை. சரி, அப்படியானால் செவ்வாய் எங்கே என்றார். சுண்ணாம்பு வட்டம் காலியாகக் கிடந்தது.

அக்கா தன் தோளிலிருந்த சிவப்புச் சாட்டினை உருவினாள். என் தோளில் போட்டு முன்பக்கம் முடிச்சுப் போட்டாள். கிரீடத்தை எடுத்து என் தலையில் அழுத்தினாள்.

"நீ போ. நான் இங்க இருந்துக்கிறேன்."

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு அந்தத் துணிக்காக அழுதவள்தான், ஆனால் அந்த நிமிஷம் என் கூட்டத்தை விட்டுவிட்டுத் தனியாக எப்படிப் போவது? டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். கோட்டைத் தாண்டிப் போனேன். பழைய ஊதாப் பாவாடை, சிவப்புச் சாட்டின், ஒற்றைக் காலில் மாட்டுச் சலங்கை. ஓர் அடிக்குச் சத்தம், ஓர் அடிக்கு மௌனம். என்னை நேராகப் பார்க்கச் சொல்லி யாரும் பழக்கவில்லை. அதனால் எல்லாரையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதிகாரியைப் பார்த்தேன், அவர் தலையை ஆட்டினார். டிரில் டீச்சரைப் பார்த்தேன், அவர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். பக்கத்து வட்டத்தில் என் அக்கா கையை விரித்துத் தட்டாமாலை சுற்றிக்கொண்டே வந்தாள். பூக்காரம்மா மகள் அவள் காதில் ஏதோ சொல்ல, இருவரும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்கள். மஞ்சள் காமாலை வந்ததற்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் கைதட்டல் நிற்க நேரமானது. மறுநாள் டிரில் டீச்சர் எங்கள் இருவரையும் ஒரு பீரியட் வெயிலில் நிற்க வைத்தார். வலிக்கவில்லை. இடைவேளையில் தாசில்தார் மகளும் வந்து எங்களோடு நின்றுவிட்டுப் போனாள். சயின்ஸ் டீச்சர் வகுப்பில் அந்தக் கனமான புத்தகத்தை என் மேஜைமேல் வைத்து, சனி ஞாயிறு வைத்திருந்து திங்கள்கிழமை கொண்டு வா என்றார். ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. அக்காவும் நானும் படம் படமாகப் பார்த்தோம்.

விழா முடிந்த அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் சலங்கைச் சாக்கை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அம்மா எங்களுக்கு முன்பே வந்து, அடுப்புப் பக்கத்தில் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் வாசலில் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

"செவப்புத் துணி போத்திகினு ஒரு புள்ள வந்துச்சு பாரு. எத்தினி ஜோரு. யாரு வூட்டுப் புள்ளைம்மா இதுனு பக்கத்துல இருந்தவங்களக் கேட்டேன். அவங்க என்ன ஒரு மாதிரியாப் பாத்தாங்க. அப்புறம்தான் தெரிஞ்சிது, நம்ம சின்னது."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அக்கா என்னை உள்ளே வரும்படி இழுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அம்மா அதை இன்னொரு தடவை சொல்வாள் போலிருந்தது.